சிம்ப்ஸன்ஸ் டிவிடி வாங்கப் போறீங்களா? அடிக்கடி வந்து விழும் கேள்விகளும் பதில்களும்

என் அலமாரியில் மஞ்சள் முகங்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், வீட்டுக்குப் போனதும் போன் செய்கிறார்கள். நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள், கல்லூரியில் படிக்கும் என் அக்கா பையன். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் மொத்தத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

இந்த சிம்ப்ஸன்ஸ் எப்போ வந்தது? மொத்தமும் டிஸ்க்கில் கிடைக்குமா?

1989 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேனலில் ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடோடு ஆரம்பித்த தொடர். ஹோமர், மார்ஜ், பார்ட், லிசா, மேகி என்று ஐந்து பேர் கொண்ட குடும்பம், ஊர் ஸ்பிரிங்ஃபீல்டு. உருவாக்கியவர் மேட் க்ரெய்னிங். தொடர் இன்னும் முடியவில்லை, முப்பத்தைந்து சீசன் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

டிஸ்க்கில் மொத்தமும் கிடைக்காது. சீசன் வாரியாக 1 முதல் 20 வரைதான் வந்திருக்கிறது. முதல் சீசன் 2001 செப்டம்பரில் வந்தது. 13 எபிசோடு, 3 டிஸ்க். அது விற்ற வேகத்தைப் பார்த்துத்தான் டிவி தொடர்களையும் சீசன் சீசனாகப் பெட்டி போட்டு விற்கலாம் என்ற தைரியம் பல கம்பெனிகளுக்கு வந்தது. கொஞ்ச காலம் அதிகம் விற்ற டிவி டிவிடி என்ற பெயரும் அதற்கு இருந்தது. பிறகு டேவ் ஷப்பெல்லின் நகைச்சுவைத் தொடர் அதைத் தாண்டியது.

அதான் ஸ்ட்ரீமிங்ல எல்லாம் இருக்கே அண்ணே, எதுக்கு டிஸ்க் வாங்கிக் காசைக் கரியாக்கணும்?

ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறவர் என்றால் வாங்க வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டிஸ்க் வாங்க எனக்கு நான்கு காரணங்கள் இருக்கின்றன: படத்தின் வடிவம், வெட்டப்படாத நீளம், காணாமல் போன ஒரு எபிசோடு, எழுதியவர்கள் உட்கார்ந்து பேசும் கமென்ட்ரி. நான்குமே கீழே தனித்தனிக் கேள்வியாக வரும். இதில் முதல் மூன்றும் உங்களுக்குப் பெரிதாகத் தெரியாமல் போகலாம். நான்காவதுக்காக மட்டுமே நான் இரண்டாவது பிரதி வாங்கியிருக்கிறேன்.

ஸ்ட்ரீமிங்ல படம் டிவி முழுக்க வருது. டிவிடி போட்டா ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. டிவிடிதானே மட்டம்?

நேர் எதிர். 1989 முதல் 2009 பிப்ரவரி வரை இந்தத் தொடர் அந்தக் காலத்து டிவிப் பெட்டியின் வடிவத்துக்காக வரையப்பட்டது, அதாவது அகலம் நான்கு என்றால் உயரம் மூன்று. அதை இன்றைய அகல டிவியில் முழுக்க நிரப்ப வேண்டுமானால் மேலேயும் கீழேயும் சேர்த்துக் கால்வாசிப் படத்தை வெட்டித் தூக்கி எறிய வேண்டும். டிவிடியில் நீங்கள் பார்க்கும் கறுப்புப் பட்டை வெறும் காலி இடம். அதனால் படத்தில் எதுவும் குறையவில்லை.

எல்லோரும் காட்டும் உதாரணம் ஒன்று உண்டு, நானும் அதையே காட்டுகிறேன். 4வது சீசனில் ‘டஃப்லெஸ்’ என்ற எபிசோடு. ஹோமரும் அவன் குடிகார நண்பன் பார்னியும் டஃப் பீர் ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள். டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று பெரிய தொட்டிகள், மூன்றுக்கும் மூன்று பெயர்ப்பலகை. அதற்கு மேலே பார்த்தால் ஒரே பைப்பு வந்து மூன்றாகப் பிரிந்து மூன்று தொட்டியிலும் விழுகிறது. மூன்றும் ஒரே பீர்! யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை, அந்தப் பைப்புதான் ஜோக். படத்தின் தலையை வெட்டினால் பைப்பு போய்விடும். மூன்று தொட்டி மட்டும் நிற்கும், நாமும் இதில் என்ன சிரிப்பு என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது பழைய சீசன்களை இப்படி வெட்டித்தான் போட்டார்கள். ரசிகர்கள் சத்தம் போட்ட முதல் நாள் உதாரணமே இந்தப் பைப்புதான்.

அதைச் சரி பண்ணிட்டாங்கன்னு கேள்விப்பட்டேனே?

ஆமாம். 2020 மே மாத இறுதியில் பழைய வடிவத்திலேயே பார்க்கும் வசதியை டிஸ்னி கொண்டுவந்தது. எபிசோடின் விவரப் பக்கத்துக்குப் போய் ஒரு பொத்தானை மாற்ற வேண்டும். நம்மில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு பொத்தான் இருப்பதே தெரியாது.

இதற்கு முன்னாலும் இதே கூத்து நடந்தது. 2014 ஆகஸ்டில் எஃப்எக்ஸ்எக்ஸ் சேனல் அதுவரை வந்த 552 எபிசோடையும் பன்னிரண்டு நாள் இடைவிடாமல் ஓட்டியது. அப்போதும் வெட்டிய படம், அப்போதும் ரசிகர் சத்தம், அப்புறம் திருத்தம். அவ்வப்போது யாரோ ஒருவர் மாற்றுவதும் திரும்ப மாற்றுவதுமாக இருக்கும் விஷயத்தில், வாங்கி வைத்த டிஸ்க்கில் அந்தப் பைப்பு என்றைக்கும் இருக்கும் என்பது எனக்கு ஒரு நிம்மதி.

எந்த சீசன்ல ஆரம்பிக்கலாம்? ஒண்ணுல இருந்து வரிசையா வாங்கணுமா?

வேண்டாம். ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை. பார்ட்டுக்கு அன்றும் பத்து வயது, இன்றும் பத்து வயது.

என் கருத்து: 4வது சீசனில் தொடங்குங்கள். ஊருக்குள் மோனோரெயில் விற்க வருபவனின் கதை, மேலே சொன்ன பைப்பு எல்லாம் அதில்தான். பிடித்தால் 3 முதல் 8 வரை வாங்குங்கள். முதல் சீசனில் படமும் குரலும் இன்னும் பக்குவப்படாமல் இருக்கும். ஹோமரின் குரல் வேறு ஆளோ என்று தோன்றும், ஆனால் ஆள் அதே டான் காஸ்டெலனேட்டாதான். 10க்கு மேல் போவது உங்கள் பக்தியைப் பொறுத்தது. எங்கள் வீட்டில் 11க்கு மேற்பட்ட பெட்டிகளைத் திறப்பவன் நான் ஒருவன்தான்.

20வது சீசன் பெட்டியில 2010னு போட்டிருக்கு, 19வதுல 2019னு போட்டிருக்கு. அச்சுப் பிழையா?

இல்லை, உண்மையே அப்படித்தான். டிவிடி வெளியீடு எப்போதும் ஒளிபரப்புக்குப் பல வருடம் பின்னால் ஓடியது. 2009இல் 12வது சீசன்தான் வந்திருந்தது. தொடருக்கு இருபது வயது ஆனதைக் கொண்டாட, நடுவில் இருந்த ஏழு சீசனையும் தாண்டி 20வதை 2010 ஜனவரியில் அவசரமாகக் கொண்டுவந்தார்கள். பிறகு திரும்பிப் போய் 13, 14 என்று வருடத்துக்கு ஒன்றாக விட்டார்கள்.

2014 டிசம்பரில் 17 வந்தது. 2015 ஏப்ரலில், இனி டிவிடி கிடையாது என்று தயாரிப்பாளர் அல் ஜீன் ட்விட்டரில் அறிவித்தார். டிஸ்க் விற்பனை சரிந்து, எல்லோரும் ஸ்ட்ரீமிங் பக்கம் போய்விட்டார்கள் என்பதுதான் காரணம். 20 கையில் இருக்கிறது, 18உம் 19உம் இல்லை. சேகரிப்பவர்களுக்குப் பல் போன வாய் மாதிரி ஓர் ஓட்டை. இரண்டு வருடம் கழித்து மனசு மாறி 2017 டிசம்பரில் 18ஐயும், ஃபாக்ஸை டிஸ்னி வாங்கிய பிறகு 2019 டிசம்பரில் 19ஐயும் விட்டார்கள். ஓட்டை அடைந்தது.

அப்போ 21 வருமா?

காத்திருக்காதீர்கள். 19உக்குப் பிறகு சீசன் பெட்டியே வரவில்லை. ஓட்டையை அடைத்துவிட்டதால் அவர்களுக்கு இனி அவசரமும் இல்லை.

ஹோமர் தலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கே, அது ஒரிஜினலா?

ஒரிஜினல்தான். முதல் ஐந்து சீசனும் ஒழுங்கான செவ்வக அட்டைப் பெட்டியில் வந்தன, புத்தகம் மாதிரி அடுக்கலாம். 2005 ஆகஸ்டில் 6வது சீசனுக்கு யாருக்கோ திடீரென்று ஒரு யோசனை வந்து ஹோமரின் தலை வடிவத்தில் பிளாஸ்டிக் பெட்டி செய்துவிட்டார்கள். முகத்தைத் திறந்தால் உள்ளே டிஸ்க்.

சேகரிப்பவர்கள் கொதித்துப் போனார்கள். ஐந்து பெட்டி வரிசையாக நிற்க, ஆறாவது மட்டும் மொட்டைத் தலையோடு துருத்திக்கொண்டு நின்றது. வேண்டுமென்றால் எழுதிக் கேளுங்கள், அட்டைப் பெட்டி அனுப்புகிறோம் என்று கம்பெனியே இறங்கி வந்தது. 7வது சீசனிலிருந்து இரண்டு விதமாகவும் விற்றார்கள்: தலை வேண்டுமா தலை, பெட்டி வேண்டுமா பெட்டி. மார்ஜ், மேகி, லிசா, பார்ட் என்று குடும்பம் மொத்தத்துக்கும் தலை வந்தது.

என்னிடம் ஹோமர் தலைதான் இருக்கிறது. சமமில்லாத அலமாரியில் நிற்காது, பின்பக்கம் ஒரு தீப்பெட்டியை அண்டை கொடுத்து வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக் குழந்தை அதை உண்டியல் என்று நினைத்து வாயில் காசு போட இடம் தேடிவிட்டு, ஏமாந்து போய் என்னை முறைத்தது. பழைய பெட்டி வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு: தலைப் பெட்டியின் கீல் உடைந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

புளூ-ரே வாங்கினா இன்னும் தெளிவா இருக்குமா?

புளூ-ரேயில் வந்தவை 13 முதல் 17 வரையும் 20உம் மட்டும். எல்லோரும் விரும்பும் பழைய சீசன்கள் டிவிடியில் மட்டுமே கிடைக்கும்.

வந்தவற்றிலும் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள். 2009க்கு முன் தொடர் சாதாரணத் தரத்துக்காகவே தயாரானது. பெரிய பாத்திரத்தில் ஊற்றினால் பால் அதிகமாகிவிடாது. உயர்தர அகலப் படம் தொடங்குவது 20வது சீசனின் பத்தாவது எபிசோடிலிருந்துதான், அது 2009 பிப்ரவரி 15 அன்று ஒளிபரப்பானது. ஆகவே புளூ-ரே வாங்கிப் பலன் பார்க்க வேண்டுமானால் 20ஐ வாங்குங்கள், அதுவும் பாதி சீசனுக்குத்தான் பலன்.

அமெரிக்காவிலேர்ந்து மாமா வாங்கிட்டு வந்தார். நம்ம பிளேயர்ல போட்டா தப்பான ரீஜியன்னு வருது.

உலகத்தைப் பல மண்டலமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். டிவிடியில் அமெரிக்காவும் கனடாவும் 1. ஐரோப்பா, ஜப்பான், வளைகுடா நாடுகள் 2. சிங்கப்பூரும் மலேசியாவும் 3. ஆஸ்திரேலியா 4. இந்தியாவும் இலங்கையும் 5. மாமாவின் டிஸ்க் 1, உங்கள் பிளேயர் 5, அதனால்தான் அது முரண்டு பிடிக்கிறது.

வழி என்னவென்றால், எல்லா ரீஜியனும் ஓடும் பிளேயர் ஒன்று வாங்குவது. பல சாதாரண பிளேயர்களில் ரிமோட்டில் சில எண்களைத் தட்டினாலே பூட்டு திறந்துவிடும், உங்கள் மாடலின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். லேப்டாப் டிரைவில் மட்டும் கவனம் தேவை. அதில் ரீஜியனை ஐந்து முறைதான் மாற்றலாம், ஐந்தாவது முறை வைத்தது அப்படியே உறைந்துவிடும். என் பழைய லேப்டாப் இன்றைக்கும் தன்னை ஆஸ்திரேலியா என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

புளூ-ரேக்குக் கணக்கு வேறு, எழுத்தில் வரும். அமெரிக்காவும் சிங்கப்பூரும் ஏ, ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி, இந்தியாவும் இலங்கையும் சி. புளூ-ரே பிளேயரில் எண்ணைத் தட்டித் திறக்கும் வித்தை பெரும்பாலும் பலிக்காது.

என்டிஎஸ்சி, பால்னு ஏதோ சொல்றாங்களே?

இரண்டும் டிவிப் படத்துக்கான முறைகளின் பெயர். அமெரிக்க டிஸ்க் என்டிஎஸ்சி, நம்முடையது பால். பழைய டியூப் டிவியில் இது தலைவலியாக இருந்தது, படம் கறுப்பு வெள்ளையாக வரும் அல்லது உருளும். இன்றைய தட்டை டிவியில் இரண்டும் ஓடும். இதை மறந்துவிட்டு முந்தைய கேள்வியில் சொன்ன ரீஜியனை மட்டும் பாருங்கள்.

மைக்கேல் ஜாக்சன் வர்ற எபிசோடு ஸ்ட்ரீமிங்ல எங்க தேடியும் கிடைக்கல. டிவிடில இருக்கா?

இருக்கிறது. 3வது சீசனின் முதல் எபிசோடு, ‘ஸ்டார்க் ரேவிங் டாட்’. 1991 செப்டம்பர் 19 அன்று ஒளிபரப்பானது. மனநல விடுதியில் ஹோமர் சந்திக்கும் ஆஜானுபாகுவான ஆள் தன்னை மைக்கேல் ஜாக்சன் என்று நம்பிக்கொண்டிருப்பான். அவனுக்குப் பேச்சுக் குரல் கொடுத்தது சாட்சாத் ஜாக்சனேதான், ஆனால் ஒப்பந்தக் காரணத்தால் பெயர்ப் பட்டியலில் ஜான் ஜே ஸ்மித் என்று போட்டார்கள். பாடுவது மட்டும் கிப் லெனன் என்ற வேறு பாடகர்.

ஜாக்சன் மீது சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகக் குற்றம் சாட்டும் ஆவணப்படம் 2019இல் வந்தது. அதற்குப் பிறகு, அதே வருடம் மார்ச்சில், இந்த எபிசோடைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிடுவதாகத் தயாரிப்பாளர் ஜேம்ஸ் எல். ப்ரூக்ஸ் சொன்னார். டிஸ்னி பிளஸ் தொடங்கும்போதே அது அங்கே இல்லை. 2003இல் வந்த 3வது சீசன் டிவிடியில் உண்டு. அவர்கள் எடுத்தது சரியா தவறா என்பதில் என் வீட்டிலேயே இரண்டு கட்சி. எபிசோடைப் பார்க்க வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யும் வசதி டிஸ்க்கில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இரட்டைக் கோபுரம் வர்ற எபிசோடையும் எடுத்துட்டாங்களாமே?

அது 9வது சீசனின் முதல் எபிசோடு. 1997 செப்டம்பரில் வந்தது. ஹோமரின் கார் நியூயார்க்கில் உலக வர்த்தக மையத்தின் கீழே பூட்டுப் போடப்பட்டு நிற்கும், கதையில் பாதி அந்தச் சதுக்கத்திலேயே நடக்கும். 2001 தாக்குதலுக்குப் பிறகு சில வருடம் மறுஒளிபரப்பிலிருந்து நிறுத்தி வைத்தார்கள், பிறகு திரும்ப வந்துவிட்டது. டிவிடியிலும் இருக்கிறது.

டிவியில பார்த்தப்போ இல்லாத சீன் டிவிடியில வருது. சேர்த்துட்டாங்களா?

சேர்க்கவில்லை. நீங்கள் டிவியில் பார்த்ததில்தான் வெட்டியிருந்தார்கள். அமெரிக்காவில் மறுஒளிபரப்புக்கு விற்கும்போது கூடுதல் விளம்பரம் நுழைக்க எபிசோடைக் கொஞ்சம் நறுக்குவது வழக்கம். ஒரு தனி ஜோக்கோ, கதைக்கு அவசியமில்லாத குட்டிக் காட்சியோ போய்விடும். டிவிடியில் இருப்பது முதல் நாள் ஒளிபரப்பான நீளம்.

தொடக்கப் பாட்டு சில எபிசோடில் நீளமாகவும் சிலவற்றில் சட்டென்று முடிந்துவிடுவதாகவும் இருப்பது வேறு கணக்கு. கதை நீண்டுவிட்டால் தொடக்கத்தைச் சுருக்குவார்கள், கதை குறைந்தால் குடும்பம் சோபாவில் வந்து உட்காரும் காட்சியை நீட்டி நிரப்புவார்கள். அப்படி நிரப்பவென்றே சர்க்கஸ் மாதிரி நடனப் பெண்களும் யானைகளும் வரும் ஒரு நீண்ட சோபாக் காட்சி 4வது சீசனில் வந்தது. அதையே திரும்பத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தினார்கள். இது டிஸ்க் கோளாறு இல்லை.

கமென்ட்ரி கமென்ட்ரின்னு சொல்றீங்களே, அதுல அப்படி என்ன இருக்கு?

ரிமோட்டில் ஒலியை மாற்றினால் வசனம் பின்னால் போய்விடும். அந்த எபிசோடை எழுதியவர், இயக்கியவர், க்ரெய்னிங், சில நேரம் நடிகர்கள் என்று நான்கைந்து பேர் படத்தைப் பார்த்துக்கொண்டே அரட்டை அடிப்பார்கள். 1 முதல் 19 வரை ஒவ்வொரு எபிசோடுக்கும் உண்டு. அவசரமாக வந்த 20இல் மட்டும் இல்லை. எனக்கு அந்தப் பெட்டி மேல் இருக்கும் மனக்குறையே அதுதான்.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பதிவு செய்தவை என்பதால் யாருக்கும் பயமில்லை. இந்த ஜோக்கை யார் எழுதினது, நீயா நானா என்று அடித்துக்கொள்வார்கள். மற்றவர் பேசுவதை மறந்து நடுவில் ஒரு நிமிடம் எல்லோருமே சும்மா சிரித்துக்கொண்டிருப்பார்கள். என் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்து பேசுவதை ஒட்டுக் கேட்கிற மாதிரி இருக்கிறது என்றார்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டுமென்றால் 9வது சீசனில் ஹோமர் துப்பாக்கி வாங்கும் ‘தி கார்ட்ரிட்ஜ் ஃபேமிலி’ எபிசோடைப் போடுங்கள். எழுதியவர் ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர், தொடரிலேயே அதிக எபிசோடு எழுதியவர், 59. வெளியே முகம் காட்டாத மனிதர், கமென்ட்ரிக்கு வரவே மாட்டார். அன்றைக்கு மற்றவர்கள் பதிவு நடக்கும்போதே அவர் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார்கள். அவரும் கொஞ்ச நேரம் பேசினார். வைக்கும் முன்னால், பாவம், பேசியது உண்மையில் ஸ்வார்ட்ஸ்வெல்டர் இல்லை என்று ஒரு போடு போட்டுவிட்டு வைத்துவிட்டார்.

முதல் சீசன் டிஸ்க்ல ஒரு காட்சி அசிங்கமா வரைஞ்ச மாதிரி இருக்கு. என்னது அது?

அது வேண்டுமென்றே போட்டது. ‘சம் என்சான்ட்டட் ஈவினிங்’ என்ற எபிசோடுதான் முதலில் ஒளிபரப்பாகியிருக்க வேண்டியது. கொரியாவில் அனிமேஷன் முடிந்து திரும்பி வந்ததைப் பார்த்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சுவரும் கதவும் ரப்பர் மாதிரி வளைந்தன. உலகம் நிஜமாக இருக்க வேண்டும், மனிதர்கள் மட்டும் கோமாளிகளாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு. பெரும்பகுதியைத் திரும்ப வரைந்தார்கள். அதனால் 1989 இலையுதிர் காலத்தில் தொடங்க வேண்டிய தொடர் டிசம்பருக்குத் தள்ளிப்போய், கிறிஸ்துமஸ் எபிசோடு முந்திக்கொண்டது. முதலாவதாக வர வேண்டியது 1990 மே மாதம் சீசனின் கடைசியாக வந்தது.

நிராகரித்த அந்தப் பழைய படத்தின் பகுதிகளைத்தான் மூன்றாவது டிஸ்க்கில் போட்டிருக்கிறார்கள். தங்கள் குப்பைத் தொட்டியைத் திறந்து காட்ட ஒரு தைரியம் வேண்டும்.

இதுக்கும் முன்னாடி குட்டிக் குட்டியா வந்ததாமே, அதெல்லாம்?

1987 ஏப்ரலில் தொடங்கி டிரேசி உல்மன் என்ற நகைச்சுவை நடிகையின் நிகழ்ச்சிக்கு இடையே ஒரு நிமிடத் துணுக்குகளாக வந்தன, மொத்தம் 48. முழுத் தொகுப்பாக எந்தப் பெட்டியும் வரவில்லை. முதல் துணுக்கான ‘குட் நைட்’ மட்டும் முதல் சீசன் டிவிடியில் உபரியாக இருக்கிறது.

‘பர்ன்ஸைச் சுட்டது யார்’ முதல் பாகம் பார்த்தேன், ரெண்டாம் பாகம் டிஸ்க்கிலேயே இல்ல. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. ஊர்ப் பணக்காரர் பர்ன்ஸ் சுடப்படுவதோடு 6வது சீசன் முடியும், யார் சுட்டது என்று 7வது சீசன் தொடக்கத்தில் தெரியும். ஆகவே இரண்டாம் பாகம் அடுத்த பெட்டியில். இரண்டையும் சேர்த்து வாங்குங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. முதல் பாகம் 1995 மே 21, இரண்டாம் பாகம் செப்டம்பர் 17. டிவிடியில் 6வது சீசன் 2005 ஆகஸ்ட் 16, 7வது டிசம்பர் 13. ஒரு நாள் வேலையில்லாமல் விரல் விட்டு எண்ணினேன். இரண்டு இடைவெளியும் சரியாக 119 நாள். திட்டமிட்டார்களா தற்செயலா, யார் கண்டது! டிவிடி வாங்கியவனும் அன்றைய டிவி ரசிகன் அளவுக்கே காத்திருந்திருக்கிறான்.

சில எபிசோடோட தயாரிப்பு எண் முந்தின சீசன் எண்ணா இருக்கே?

கவனித்ததற்குப் பாராட்டு. ஒரு சீசனுக்கென்று தயாரித்ததில் இரண்டு மூன்றை எடுத்து வைத்து அடுத்த சீசன் தொடக்கத்தில் விடுவது அவர்கள் வழக்கம். 4வது சீசனின் முதல் இரண்டு எபிசோடும் 3வதுக்காகத் தயாரானவை. மேலே சொன்ன ஜாக்சன் எபிசோடே 2வதுக்காகத் தயாரானது. டிஸ்க்கில் ஒளிபரப்பு வரிசைதான் கணக்கு.

தமிழ் சப்டைட்டில் இருக்கா? அம்மாவுக்குப் போட்டுக் காட்டணும்.

இல்லை. அமெரிக்க டிஸ்க்குகளில் ஆங்கிலத்தோடு ஸ்பானிஷ், பிரெஞ்சு என்று அவர்கள் அக்கம்பக்கத்து மொழிகள்தான். ஆனால் என் அம்மா பைப்பு ஜோக்குக்கு எந்த சப்டைட்டிலும் இல்லாமல் சிரித்தார்.

1 முதல் 30 சீசன் வரை ஒரே பெட்டியில, பாதி விலைக்குத் தர்றாங்க. வாங்கவா?

முதல் கேள்விக்கான பதிலைத் திரும்பப் படியுங்கள். 20க்கு மேல் டிஸ்க்கே வரவில்லை என்றால், 30 இருக்கும் பெட்டியை யார் செய்திருப்பார்கள்? யாரோ வீட்டுக் கம்ப்யூட்டரில் எரித்தது.

நானும் ஒரு முறை மாட்டியிருக்கிறேன். ஒரு கடையில் பளபளவென்று ஒட்டப்பட்ட பெட்டி, பேரம் பேசி வாங்கி வந்தேன். வீட்டில் பிரித்துத் திருப்பிப் பார்த்தால் டிஸ்க்கின் அடிப்பக்கம் கத்தரிப்பூ நிறம். தொழிற்சாலையில் அச்சான டிஸ்க் அடியில் வெள்ளி நிறமாக இருக்கும், எழுதப்பட்ட டிஸ்க் ஊதாவாகத் தெரியும். ஒரு டிஸ்க்கில் பதினைந்து எபிசோடு அடைத்திருந்தால் அதுவும் அடையாளம், படம் புகை மூட்டமாக இருக்கும். கமென்ட்ரியும் இருக்காது.

பழைய பெட்டி வாங்கறப்போ வேற என்ன பார்க்கணும்?

வெளிச்சத்தில் பிடித்துக் கீறலைப் பாருங்கள். வட்டமாகச் சுற்றி ஓடும் கீறல்தான் ஆபத்து, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகப் போவது பெரும்பாலும் ஓடிவிடும். டிஸ்க் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். முதல் சீசனுக்கு மூன்று, இரண்டாவதிலிருந்து நான்கு. துடைக்கும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கம் துடைக்க வேண்டும், தோசைக்கல்லைத் துடைக்கிற மாதிரி சுற்றக் கூடாது.

வீடியோ கேசட் கிடைத்தால் ஆசைக்கு வைத்துக்கொள்ளலாம். கிறிஸ்துமஸ் எபிசோடு 1991லேயே கேசட்டாக வந்தது. நம் ஊர் ஈரத்தில் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கும், அப்படியே போட்டால் பிளேயரின் ஹெட்டும் போய்விடும்.

6வது சீசன்ல ஒரு எபிசோடு, அதுல மட்டும் மேட் க்ரெய்னிங் பேரையே காணோம். ஹோமர் தலை டிஸ்க்தான், வெள்ளி நிறம்தான். இருந்தும் டூப்ளிகேட்டா சித்தப்பா?

என் அண்ணன் மகள் கேட்டது. நல்ல கண்.

டூப்ளிகேட் இல்லை. ‘எ ஸ்டார் ஈஸ் பர்ன்ஸ்’ என்ற அந்த எபிசோடில் ‘தி கிரிட்டிக்’ என்ற வேறொரு கார்ட்டூன் தொடரின் நாயகன் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு விருந்தாளியாக வருவான். அந்தத் தொடரை உருவாக்கியவர்கள் சிம்ப்ஸன்ஸிலேயே வேலை பார்த்த அல் ஜீனும் மைக் ரீஸும். அதற்கும் இதற்கும் ஜேம்ஸ் எல். ப்ரூக்ஸ்தான் தயாரிப்பாளர். கிரிட்டிக் அப்போதுதான் ஃபாக்ஸுக்கு மாறி வந்திருந்தது. இது அரைமணி நேர விளம்பரம், அந்தத் தொடரும் என்னுடையது என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்கள் என்று க்ரெய்னிங் பிடிவாதமாக நின்று, 1995 மார்ச்சில் ஒளிபரப்பானபோது தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார். உன் டிஸ்க்கில் அவர் பெயர் இருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.